காளான் போன்றது, காளான் அன்று

(நமது ஜமாஅத்தின் ஆண்டுப் பொதுக்குழுக் கூட்டத்தில் பள்ளிவாசல் இமாம் அவர்கள் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

 

ஆண்டுக் கூட்டத்தில் இமாம் பேசுவதென்றால் தொழுகை, நோன்பு, ஜகாத் குறித்துப் பேசுவார் என்பதே வழக்கம். இம்முறை ஒரு நோயைப் பற்றிப் பேச அனுமதி கேட்டேன். தலைவர் அவர்கள் சற்றுத் தயங்கி, "ஹஜ்ரத், டாக்டர் யாரையேனும் அழைத்து விடலாமே" என்றார்கள். டாக்டரை அழைக்கத்தான் வேண்டும். ஆனால் இந்த விஷயத்தில் தவறு செய்தவன் நான். ஆகவே முதலில் நான் பேசுவதே முறை என்று சொன்னேன்.

நம் மஹல்லாவைச் சேர்ந்த சகோதரர் ஒருவர் நகருக்கு வெளியே குத்தகை நிலத்தில் நெல் பயிரிட்டு வருகிறார். பெயர் வேண்டாம், நிகழ்ந்ததைச் சொல்ல அவரே அனுமதி தந்திருக்கிறார். சென்ற ஐப்பசி மழையில் வாய்க்கால் மடையைத் திறக்கும்போது சேற்று நீர் தெறித்து அவருடைய வலது கண்ணில் பட்டது. உறுத்தல் நிற்கவில்லை. மருந்துக் கடையில் சொல்லிச் சொட்டு மருந்து வாங்கிப் போட்டார். சிவப்பு சற்றுக் குறைந்தது, வலி கூடியது. நான்காம் நாள் அஸருக்குப் பின் என்னிடம் வந்து ஓதிப் பார்க்கச் சொன்னார். நான் ஓதினேன், ஊதினேன். அதில் தவறில்லை. ஆனால் அத்துடன் நிறுத்தாமல், "ஒன்றும் பயப்படாதீர்கள், இன்ஷா அல்லாஹ் இரண்டு மூன்று நாளில் தெளிந்து விடும்" என்றும் சொல்லி அனுப்பினேன். கண்ணைப் பற்றி எனக்கு என்ன தெரியும்? இமாம் சொன்னார் என்று அவர் மேலும் மூன்று நாள் காத்திருந்தார். ஏழாம் நாள் விழித்துப் பார்த்தபோது கருவிழியில் வெண்மை படர்ந்திருந்தது. நம் கிராமங்களில் 'கண்ணில் பூ விழுந்தது' என்பார்களே, அதன் தொடக்கம்.

அபூதாவூதில் வரும் ஒரு ஹதீஸை உங்களில் பலர் கேட்டிருப்பீர்கள். பயணத்தில் ஒருவருக்குத் தலையில் கல் பட்டுக் காயம் ஏற்பட்டது. அவருக்குக் குளிப்புக் கடமையாகிவிட்டது. தயம்மும் செய்துகொள்ள எனக்கு அனுமதி உண்டா என்று உடன் வந்தவர்களிடம் கேட்டார். தண்ணீர் இருக்கும்போது அனுமதி இல்லை என்று அவர்கள் சொல்லிவிட்டார்கள். அவர் குளித்தார், இறந்து போனார். செய்தி எட்டியபோது நபி (ஸல்) அவர்கள் கடுமையாகக் கோபித்தார்கள். அவரைக் கொன்றவர்கள் அவர்கள்தாம் என்றார்கள். அறியாமைக்கு மருந்து கேட்டறிவதே என்பதை அங்கே உணர்த்தினார்கள். இந்த ஹதீஸை மதரஸாவில் ஓதிய நாளில் அந்தத் தோழர்களைப் பற்றி நான் எண்ணியதெல்லாம் வேறு. இப்போது ஓதும்போது அவர்கள் இடத்தில் நான் நிற்பதாகத் தோன்றுகிறது.

இனி அந்தச் சகோதரரின் கண்ணுக்கு வருகிறேன். அவர் முதலில் சென்ற மருத்துவமனையில் புண்ணைச் சுரண்டி எடுத்து நுண்ணோக்கியில் பார்த்தார்கள். நூல் நூலாகத் தெரிந்தது. பூஞ்சைக்காளான் என்று முடிவு செய்து அதற்குரிய சொட்டு மருந்தைக் கொடுத்தார்கள். மணிக்கு ஒரு முறை, தவறாமல் போட்டார். இரண்டு வாரத்தில் புண் சுருங்குவதற்குப் பதிலாகக் கைகால் நீட்டியது போல் ஓரங்களுக்குப் பரவியது. மறுபடி சுரண்டி எடுத்து வேறு விதமாகச் சோதித்தபோதுதான் அது காளானே அல்ல என்று தெரிந்தது. அதன் பெயர் பித்தியம் இன்சிடியோசம். இன்சிடியோசம் என்ற லத்தீன் சொல்லுக்குப் பதுங்கியிருந்து வஞ்சிப்பது என்று பொருளாம். 1987-ஆம் ஆண்டில் அறிவியலார் இட்ட பெயர் இது. பெயர் இட்டவர்கள் அதை நன்கு அறிந்துதான் இட்டிருக்கிறார்கள்.

முதலில் பார்த்த மருத்துவரைக் குறை சொல்லுவது எளிது. நானும் மனத்திற்குள் சொன்னேன். பின்னர் கேட்டறிந்தபோது அந்தக் குறை நியாயமன்று என்று தெரிந்தது. ஏனென்றால் நம் மதுரைச் சீமையில் கருவிழிப் புண் என்பது அபூர்வமான ஒன்றன்று. 1993-ஆம் ஆண்டுக்குரிய மதுரை மாவட்டக் கணக்கின்படி லட்சம் பேரில் 113 பேருக்கு அந்த ஓராண்டில் கருவிழிப் புண் ஏற்பட்டது. அமெரிக்காவின் கணக்கைப் போல் ஏறத்தாழப் பத்து மடங்கு அது. 1994-ஆம் ஆண்டின் முதல் மூன்று மாதங்களில் அரவிந்த் கண் மருத்துவமனைக்குக் கருவிழிப் புண்ணோடு வந்த 434 பேரை ஆராய்ந்து எழுதியிருக்கிறார்கள். அவர்களில் மூவரில் இருவருக்குக் கண்ணில் ஏதோ அடிபட்டிருந்தது. கிருமி வளர்ந்து தெரிந்தவர்களில் ஏறத்தாழப் பாதிப் பேருக்குப் பாக்டீரியா, பாதிப் பேருக்குப் பூஞ்சைக்காளான். உழவு, அறுவடை, வைக்கோல், நெல் உமி இவற்றோடு வாழும் ஊரில் காளான் இவ்வளவு மலிந்திருப்பதில் வியப்பில்லை. இரண்டு பேரில் ஒருவருக்குக் காளான் என்றிருக்கும் ஊரில், நூல் நூலாகத் தெரிந்த ஒன்றை மருத்துவர் காளான் என்று எண்ணியது இயல்பே. நோய் மலிந்த ஊரில்தான் அதன் போலியும் எளிதாக ஒளிந்துகொள்கிறது.

அரவிந்த் என்று சொன்னேன். 1976-இல் டாக்டர் கோ. வெங்கடசாமி அவர்கள் 11 படுக்கைகளோடு தொடங்கிய மருத்துவமனை அது என்பதை மதுரைக்காரர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. நம் பெற்றோரில் எத்தனையோ பேர் அங்கே கண்புரை நீக்கிக்கொண்டு வந்து குர்ஆன் ஓதியிருக்கிறார்கள். காளான் புண்ணுக்கு நாட்டாமைசின் என்ற பழைய மருந்து, விலை உயர்ந்த புதிய மருந்தாகிய வோரிகோனசோலை விட நல்ல பலன் தருகிறது என்பதை 2013-இல் உலகத்திற்கு எடுத்துக் காட்டிய பெரிய ஆய்விலும் அவர்களே முன் நின்றார்கள். இந்தப் பித்தியம் பற்றியும் 2019-ஆம் ஆண்டில் அவர்கள் இந்தியக் கண் மருத்துவ இதழில் எழுதியிருக்கிறார்கள். ஹைதராபாத்தின் எல்.வி. பிரசாத் கண் மருத்துவமனையிலும் இது பற்றி விரிவாக ஆராய்ந்திருக்கிறார்கள். ஆக, இது எங்கோ பிற நாட்டு நோய் அன்று. நம் வயல் வாய்க்காலின் நோய்.

அது காளான் இல்லையென்றால் வேறு என்ன? விவசாயம் செய்கிறவர்களுக்கு இதை எளிதில் விளக்கலாம். நாற்றங்காலில் நாற்றழுகல் வருகிறதல்லவா? இஞ்சி வேர்க்கிழங்கு அழுகுகிறதல்லவா? அவற்றைச் செய்வதும் பித்தியம் குடும்பம்தான். 1845-இல் அயர்லாந்தில் உருளைக்கிழங்குப் பயிரையெல்லாம் அழித்துப் பெரும் பஞ்சத்தை உண்டாக்கிய நுண்ணுயிரும் இதற்குத் தூரத்து உறவே. பார்வைக்குக் காளானைப் போல் நூலிழையாக வளரும். ஆனால் வமிசத்தில் இவை கடற்பாசிகளுக்கு நெருக்கம். காளானின் உடலில் எர்கோஸ்டீரால் என்ற கொழுப்புப் பொருள் உண்டு. காளான் மருந்துகளில் பெரும்பாலானவை அதைத்தான் குறி வைத்துத் தாக்குகின்றன. பித்தியத்தில் தாக்குவதற்கு அந்தப் பொருளே போதிய அளவில் இல்லை. ஆகவே இல்லாத இடத்தில் அம்பு எய்வது போல் அந்த மருந்துகள் வீணாகின்றன. அதே வேளையில் இதன் சுவரில் செல்லுலோஸ் இருக்கிறது. அது தாவரங்களுக்கு உரியது. அயோடினையும் கந்தக அமிலத்தையும் கொண்டு சாயமிட்டால் அந்தச் செல்லுலோஸ் நீலங்கருமையாக மாறிக் காட்டிக்கொடுத்து விடுகிறது. இன்னொரு சோதனையும் உண்டு. வளர்த்தெடுத்த இழையோடு சிறு இலைத் துண்டுகளைத் தண்ணீரில் இட்டு வைப்பார்கள். சில மணி நேரத்தில் அதிலிருந்து வாலுள்ள வித்துக்கள் வெளிப்பட்டு நீந்துமாம். காளான் இனத்தில் நம் கண்ணைத் தாக்குகிற எதுவும் இப்படி நீந்தாது.

நீந்துகிறது என்பதுதான் நாம் கவனிக்க வேண்டியது. தேங்கிய நீரில், நம் ஊரைப் போன்ற வெதுவெதுப்பில் இந்த வித்துக்கள் நீந்தி, அழுகும் இலையையோ விலங்கின் முடியையோ கீறல் பட்ட தோலையோ பற்றிக்கொள்கின்றன. குதிரைகளுக்கு இது பழைய பகை. வெள்ளையர் ஆட்சியில் ராணுவக் குதிரைகளுக்கு மழைக்காலத்தில் ஆறாத புண்கள் வருவதைப் பார்த்து அதற்குப் 'புர்சாத்தி' என்று பெயர் வைத்தார்கள். 1884-லேயே ஃபிரெடரிக் ஸ்மித் என்ற கால்நடை மருத்துவர் இது பற்றி எழுதியிருக்கிறார். உருது தெரிந்தவர்களுக்கு இது விளங்கும்: பர்சாத் என்றால் மழை. புண்ணிலிருந்து சிறு பவளத் துண்டு போல் கட்டிகள் உதிரும். அவற்றிற்கு 'கங்கர்', அதாவது சரளைக்கல் என்று பெயர். குதிரை பராமரித்த எளிய மனிதர்களின் மொழி, ஆங்கில மருத்துவ நூல்களுக்குள் இன்றும் இப்படி நடமாடுகிறது. அந்தப் புர்சாத்திப் புண்களில் ஒரு பகுதியேனும் இந்தப் பித்தியத்தால் வந்தவை என்று இன்று கருதுகிறார்கள். நாய்களுக்கும் மாடுகளுக்கும்கூட இது வருகிறது. தாய்லாந்தில் தலசீமியா என்ற இரத்த நோயுடையவர்களின் கால்களில் இது இரத்தக் குழாய்க்குள் புகுந்து, காலையே எடுக்க வேண்டிய நிலைக்குக் கொண்டுபோயிருக்கிறது. நம் நாட்டில் பெரும்பாலும் கண்ணில்தான் பார்க்கிறார்கள்.

ஒரு விஷயத்தைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். இது ஒருவரிடமிருந்து ஒருவருக்குத் தொற்றுவதில்லை. மாட்டிடமிருந்து மனிதருக்குத் தொற்றுவதும் இல்லை. அந்தச் சகோதரர் சிகிச்சையில் இருந்தபோது சிலர் அவரோடு முஸாஃபஹா செய்யத் தயங்கியதை நான் கண்டேன். அது தேவையற்றது.

சுருங்கச் சொன்னால், தோற்றம் ஒன்றாக இருப்பதால் பொருள் ஒன்றாகிவிடாது. இதை மருத்துவ உலகம் முதலில் கற்றுக்கொண்ட ஊர்களில் நம் ஊரும் ஒன்று. 'மதுராப் பாதம்' என்ற நோயைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். முள் குத்திய பாதம் ஆண்டுக் கணக்கில் வீங்கி, துளைகளிலிருந்து மணி மணியாகக் கசியும் நோய். 1842-இல் மதுரை மருந்தகத்தில் இருந்த கில் என்ற மருத்துவர் இதை எழுதி வைத்தார். 1846-இல் கோல்புரூக் என்பவர் நம் ஊர்ப் பெயரையே அதற்குச் சூட்டினார். பிறகு பம்பாயில் வேண்டைக் கார்ட்டர் அதைக் காளான் நோய் என்று நிறுவினார். ஆனால் அதே வீங்கிய பாதத்தை உண்டாக்குவதில் காளானும் உண்டு, காளானைப் போல் இழை விடும் பாக்டீரியாவும் உண்டு. பாக்டீரியா என்றால் மருந்துக்குப் பெரும்பாலும் கட்டுப்படும். காளான் என்றால் நெடுங்காலம் போராட வேண்டும், சில நேரம் கால் போகும். ஒரே தோற்றம், வெவ்வேறு மருந்து. நூற்றெண்பது ஆண்டுகளாக நம் ஊர்ப் பெயரைத் தாங்கி நிற்கும் நோயிலேயே இந்தப் பாடம் இருக்கிறது, நான்தான் ஓதவில்லை.

பித்தியத்திற்கு மருந்து உண்டா என்றால், உண்டு. வியப்பு என்னவெனில் பாக்டீரியாவுக்குக் கொடுக்கும் லினசோலிட், அசித்ரோமைசின் என்னும் மருந்துகளைச் சொட்டாகவும் மாத்திரையாகவும் கொடுக்கிறார்கள். சீக்கிரம் கண்டறிந்தால் கண்ணைக் காப்பாற்ற வழி இருக்கிறது. தாமதித்தால் கருவிழியை மாற்றித்தான் ஆக வேண்டும். அப்படி மாற்றிய பின்னும் சிலருக்கு அது மீண்டும் வருகிறது. கண்ணையே இழந்தவர்களும் இருக்கிறார்கள். நம் சகோதரருக்குக் கருவிழி மாற்றினார்கள். அறுவைக்கு முந்திய இரவு அவர் வீட்டாருக்கு ஒரு கேள்வி எழுந்தது: இறந்த ஒருவரின் கருவிழியைப் பெறுவது கூடுமா? இரவு பதினொரு மணிக்கு என்னை அழைத்தார்கள். இம்முறை நான் கேட்டுச் சொன்னேன். 1988-இல் ஜித்தாவில் கூடிய சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹு அகாடமி, உரிய அனுமதியோடு இறந்தவரின் உறுப்பை உயிர் வாழ்பவருக்குப் பொருத்துவதை நிபந்தனைகளுடன் ஏற்றுத் தீர்மானித்திருக்கிறது. மாற்றுக் கருத்துள்ள உலமாக்களும் நம் நாட்டில் உண்டு. இரண்டையும் சொல்லி, என் உஸ்தாதிடமும் பேச வைத்தேன். காலையில் அறுவை நடந்தது.

இப்போது நமக்கு உரிய சில விஷயங்கள். உளூவில் முகம் கழுவுவது ஃபர்ளு. கண்ணுக்குள் தண்ணீர் விடுவது ஃபர்ளு அன்று. ஹனஃபீ ஃபிக்ஹு நூல்களில் இதற்குக் காரணமே எழுதியிருக்கிறார்கள்: அதில் சிரமமும் தீங்கும் உண்டு. இப்னு உமர் (ரலி) அவர்கள் பேணுதலின் காரணமாகக் கண்ணின் உட்புறத்தையும் கழுவி வந்து, பிற்காலத்தில் பார்வையை இழந்ததையும் இமாம் காஸானீ (ரஹ்) குறிப்பிடுகிறார்கள். ஆகவே கண்ணில் புண் உள்ளவர், மருத்துவர் தண்ணீர் படக்கூடாது என்றால், அந்த இடத்தைத் தவிர்த்துக் கழுவட்டும். அல்லது மஸ்ஹு செய்யட்டும். நிலைக்கேற்ப தயம்மும் உண்டு. வீட்டில் தானாக முடிவு செய்யாமல் என்னிடமோ வேறு ஆலிமிடமோ வந்து கேளுங்கள். நாங்களும் மருத்துவரைக் கேட்டே சொல்லுவோம்.

நம் ஹவ்ளைப் பற்றியும் ஒரு வார்த்தை. பத்துக்குப் பத்து முழம் உள்ள ஹவ்ளின் நீர், நிறமோ சுவையோ மணமோ மாறாதவரை சுத்தமானது என்பது சட்டம். அந்தச் சட்டத்தில் எனக்கு ஐயமில்லை. ஆனால் சட்டப்படி தூய்மையான நீர் வேறு, கிருமியில்லாத நீர் வேறு. தேங்கிய நீரில் சிறுநீர் கழிப்பதைத் தடுத்தும், தூங்கி எழுந்தவர் கையைக் கழுவாமல் பாத்திரத்தில் விடுவதைத் தடுத்தும் நபி (ஸல்) அவர்கள் நமக்குக் கற்றுத் தந்திருக்கிறார்கள். ஹவ்ளில் உளூச் செய்தால் இந்த நோய் வந்துவிடும் என்று நான் சொல்ல வரவில்லை. பாசி படிந்த நீரில் பிள்ளைகள் கண்ணை விழித்து விளையாடுவதைத்தான் சொல்கிறேன். கண்மாயில் எருமையோடு நீந்தும் நம் சிறுவர்களுக்கு மூக்கில் சதை வளர்ந்து இரத்தம் கசியும் ரைனோஸ்போரிடியோசிஸ் என்ற மற்றொரு நோயும் தென் மாவட்டங்களில் வெகுகாலமாக உண்டு. அதையும் பலகாலம் காளான் என்றே எண்ணியிருந்தார்கள். அதுவும் காளான் அன்று என்று பின்னரே தெரிந்தது.

தாய்மார்களுக்கு ஒரு வேண்டுகோள். கண்ணில் தூசி விழுந்தால் தாய்ப்பால் பீய்ச்சுவது, விளக்கெண்ணெய் விடுவது, நந்தியாவட்டைப் பூவை ஒற்றுவது, நாக்கால் எடுக்கும் பாட்டியிடம் கூட்டிப்போவது எல்லாவற்றையும் விட்டுவிடுங்கள். சுர்மா இடுவது சுன்னத்துதான், நலமான கண்ணுக்கு. புண்ணான கண்ணுக்கு, அதுவும் வீட்டில் எல்லோரும் இட்ட ஒரே குச்சியால் வேண்டாம். மருந்துக் கடையில் சிவப்பைக் குறைக்கத் தரும் சில சொட்டுகளில் ஸ்டீராய்டு இருக்கிறது. அது சிவப்பை மறைக்கும், புண்ணை வளர்க்கும். நம் சகோதரருக்கு நடந்தது அதுதான். மருத்துவரிடம் போனால் எந்த நீர் பட்டது, எங்கே, எப்போது என்று கேட்கும் முன்னரே சொல்லுங்கள். கொடுத்த மருந்தில் ஒரு வாரத்தில் முன்னேற்றம் இல்லையென்றால் வெட்கப்படாமல் மறுபடி கேளுங்கள்: வேறு ஏதாவது இருக்குமோ என்று.

கைபரில் அலீ (ரலி) அவர்களின் நோயுற்ற கண்ணில் நபி (ஸல்) அவர்கள் தம் உமிழ்நீரிட்டுத் துஆ செய்து குணமாக்கியதை என்னிடம் சிலர் நினைவூட்டினார்கள். அது நபியின் முஃஜிஸா. ஓதிப் பார்க்க என்னிடம் வாருங்கள், ஓதுகிறேன். ஆனால் கண் மருத்துவமனைக்குப் போகும் வழியில் வாருங்கள், அல்லது போய்விட்டு வாருங்கள். ஆட்டோ நிற்கட்டும், நான் வாசலுக்கே வந்து ஓதுகிறேன்.

நிர்வாகக் குழு என் கோரிக்கையை ஏற்று, ஹவ்ளை மாதம் இரு முறை இறைத்துத் துலக்கவும், அதன் கிழக்குப் பக்கம் பன்னிரண்டு குழாய்கள் அமைக்கவும் முடிவு செய்திருக்கிறது. பிள்ளைகளும் கண் நோயுள்ளவர்களும் அந்தக் குழாய்களில் உளூச் செய்யட்டும். கண்ணில் அடிபட்ட ஏழை எவரும் பணமில்லை என்று காத்திருக்க வேண்டாம். பைத்துல்மாலிலிருந்து வண்டிச் செலவு தர முத்தவல்லி அவர்கள் ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். இரவாயினும் அலுவலகக் கதவைத் தட்டலாம்.

அந்தச் சகோதரர் இன்று முதல் வரிசையில் அமர்ந்திருக்கிறார். வலது கண்ணில் விரல்களை எண்ணும் அளவுக்குப் பார்வை வந்திருக்கிறது. மாதம் ஒரு முறை மருத்துவமனைக்குச் சென்று வருகிறார். அவருக்காக நீங்கள் துஆ செய்யுங்கள், எனக்காகவும் செய்யுங்கள்.